சிற்றியந்திரத்தின் எரிகலவை: நிலைபிறழ்வும் காரணங் காணும் முறையும்

ஓர் இயந்திரம் முற்றாக ஓடாதிருத்தல் ஒரு குறை. ஒருபோது செவ்வனே ஓடி, ஒருபோது தள்ளாடுதல் வேறொரு குறை. முன்னையதை ஆராய்தல் எளிது. உடைந்த உறுப்பு எந்நேரமும் உடைந்தே கிடக்குமாதலின், தேடுவோன் கண்ணுக்கு அது தப்பாது. பின்னையதோ தேடும்பொழுது மறைந்து, தேடாதபொழுது தலைகாட்டும். இத்தகைய குறையை நீக்கப் புகுவோர் பெரும்பாலும் காரணத்தைக் காணாது கைக்கெட்டிய திருகைத் திருப்பி, இருந்த குறையோடு புதியதொன்றையும் சேர்த்துவிடுகின்றனர்.

இவ்வுண்மையை விளக்குதற்கு மிக ஏற்றது, வானொலி அலைகளால் தூரத்திலிருந்து செலுத்தப்படும் மாதிரி மோட்டார் வண்டியின் சிற்றெஞ்சின். இன்று அவ்வண்டிகளுட் பெரும்பாலன மின்கலத்தால் ஓடுவனவாயினும், நைத்திரோமெதேன் கலந்த எரிபொருளால் ஓடும் வகை இன்னும் வழக்கொழியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் அவ்வெஞ்சினில் கணிப்பொறி இல்லை, உணர்கருவி இல்லை, காரணமும் காரியமும் மறைவின்றி நிற்கின்றன. மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையிலும் அயலூர்களிலும் தோட்டங்களிற் புல்வெட்டும் கைப்பொறிக்கும், மலைவீதியில் ஏறும் பழைய முச்சக்கர வண்டிக்கும் அடிப்படை இதுவே. ஆதலின் இதனை அறிந்தோன் அவற்றையும் அறிந்தோனாவான்.

எஞ்சினின் அமைப்பு

இவ்வெஞ்சின் இரண்டடிப்பு வகையைச் சேர்ந்தது. முசலம் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் ஒரு தகனம் நிகழ்ந்து முடிகின்றது. காற்றும் எரிபொருளும் காபரேற்றரிற் கலந்து நேரே உருளைக்குட் செல்வதில்லை. முதலில் முசலத்தின் கீழுள்ள கிராங்குக் கூட்டுக்குட் புகுந்து, பின்னரே உருளைக்கு ஏறுகின்றன. முசலம் மேலேறும்போது கூட்டினுள் அமுக்கம் குறைகின்றது. அக்குறைவே கலவையை உள்ளிழுக்கின்றது. இச்செய்தியை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் ஆராயப்படும் குறைகளுட் பல இதனின்றே பிறக்கின்றன.

எரிபொருள் மூன்று பொருள்களின் கூட்டு. மெதனோல் என்னும் மதுசாரம் பெரும்பங்கு. நைத்திரோமெதேன் வேண்டியவாறு நூற்றுக்கு 10 முதல் 30 பங்குவரை. எஞ்சியது எண்ணெய், அஃது ஆமணக்கெண்ணெயாகவோ செயற்கை எண்ணெயாகவோ இரண்டன் கலப்பாகவோ இருக்கும். பெரிய மோட்டார் வண்டியிற்போல உராய்வு நீக்கும் எண்ணெய்க்கு இங்கே தனித்தாங்கி இல்லை. எரிபொருளோடு வருவதே எண்ணெய். எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

தீ மூட்டுவதற்கு மின்பொறியும் இல்லை. அதனிடத்தில் குளோ பிளக் என்னும் சிறு செருகி அமைந்துள்ளது. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947 ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதிலுள்ள பிளாற்றினங் கலந்த சுருட்கம்பியை ஏறக்குறைய ஒன்றரை வோல்ற்று மின்கலத்தாற் பழுக்கக் காய்ச்சி எஞ்சினைக் கிளப்பியபின், மின்கலத்தை அகற்றிவிடலாம். தகனத்தின் வெப்பமும், பிளாற்றினம் ஊக்கியாக நின்று மெதனோல் ஆவியை ஒட்சியேற்றும் செயலும் சேர்ந்து கம்பியை ஒளிரச் செய்துகொண்டேயிருக்கும். தீ மூளும் கணத்தைத் தீர்மானிக்கத் தனியான உறுப்பு இன்மையால், கலவையின் அளவே அக்கணத்தையும் தீர்மானிக்கின்றது. கலவை ஐதானால் கம்பி மிகச் சூடேறித் தீ முந்தி மூளும். செறிந்தால் கம்பி குளிர்ந்து தீ பிந்தும். ஆகவே இவ்வெஞ்சினிற் கலவை பிறழ்தல் ஒரு குறையன்று; எல்லாக் குறைகளுக்கும் தாய் அதுவேயாகும்.

கலவையின் கணக்கு

ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிதற்கு நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மெதனோலுக்கு 6.5 பங்கு போதும். நைத்திரோமெதேன் தன்னுள்ளேயே ஒட்சிசனை உடையதாதலின் அதற்கு 1.7 பங்கே போதும். மெதனோல் 68, நைத்திரோமெதேன் 20, எண்ணெய் 12 என நூற்றுக்கு நிறையளவிற் கொண்டு, எண்ணெய் எரிவதை நீக்கிக் கணித்தால், அவ்வெரிபொருளின் ஒரு கிராமுக்கு வேண்டிய காற்று ஏறக்குறைய 4.7 கிராமாகும். நைத்திரோமெதேனை 30 ஆக உயர்த்தி மெதனோலை 58 ஆகக் குறைத்தால், வேண்டிய காற்று ஏறக்குறைய 4.3 கிராமாகக் குறையும். அஃதாவது, அதே காற்றுக்குப் பத்திலொரு பங்கு கூடுதலான எரிபொருள் வேண்டப்படும். இதனால், ஊசித்திருகைத் தொடாமலே எரிபொருட் புட்டியை மாற்றிய ஒருவன் கலவையை ஐதாக்கிவிட்டான் என்பது வெளிப்படை.

இனி, அளவின் நுண்மையை நோக்குவோம். இவ்வகையில் மிகுதியாக வழங்கும் எஞ்சினொன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 3.5 கன சென்ரிமீற்றர். அது நிமிடத்துக்கு 30,000 முறை சுழன்றால், ஒரு செக்கனில் 500 தகனங்கள் நிகழும். உருளை முற்ற நிரம்பினாலும், ஒரு தகனத்துக்குப் புகும் காற்று ஏறக்குறைய 4 மில்லிகிராம். எரிபொருள் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அத்துணைச் சிறிய அளவைச் செக்கனுக்கு 500 முறை அளந்து கொடுக்கும் பணியை ஓர் ஊசியும் ஒரு துளையுமே செய்கின்றன. குண்டூசித் துளையளவான ஒரு கசிவு அவ்வளவையைக் குலைப்பதில் வியப்பு யாதுளது?

கலவை செறிந்தால் எஞ்சின் மந்தமாகும், புகை மிகும், எண்ணெய் வடியும்; ஆயினும் உறுப்புகளுக்குப் பெருங்கேடில்லை. ஐதானாலோ முதலில் வேகம் மிகுந்து கேட்போருக்கு இன்பந் தரும். பின்னர் அழிவு வரும். மெதனோல் ஆவியாகும்போது பெற்றோலைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கின்றது. எரிபொருள் குறைந்தவிடத்து அக்குளிர்ச்சியும் குறையும், எண்ணெயும் குறையும். முசலமும் உருளைச் சுவரும் தேய்ந்து, அவற்றிடையே இருக்கவேண்டிய இறுக்கம் நீங்கிப்போம்.

தவறும் பிறழ்வும்

காபரேற்றரில் மூன்று திருகுகள் உள. மேல்வேக ஊசி முழுவேகத்துக்குரிய எரிபொருளை அளக்கின்றது. கீழ்வேக ஊசி, வண்டி நிற்க எஞ்சின் மாத்திரம் ஓடும் வெற்றோட்டத்துக்கும் அதனின்று வேகமெடுக்கும் நிலைக்கும் உரியது. மூன்றாவது, காற்றுவாயில் எவ்வளவு மூடலாமென்று வரையறுக்கும் தடைத்திருகு. ஊசியை வலஞ்சுழியாகத் திருப்பினால் கலவை ஐதாகும். இடஞ்சுழியாகத் திருப்பினாற் செறியும்.

ஊசி ஒரு துளையின் அளவையே வரையறுக்கின்றது என்பதை மறத்தலாகாது. அத்துளைவழி எவ்வளவு எரிபொருள் செல்லும் என்பது துளையை மாத்திரம் பொறுத்ததன்று. தாங்கியிலுள்ள அமுக்கம், குழாயின் தடையின்மை, எரிபொருளின் தன்மை, காற்றின் அடர்த்தி, ஊசிக்கு அப்பால் வேறு காற்றுப் புகாமை ஆகிய ஐந்தும் மாறாதிருப்பின், ஊசி தன் கடமையைச் செய்யும். இவற்றுள் ஒன்று மாறினும் ஊசி நின்றவிடத்தே நிற்கக் கலவை மாறிவிடும்.

இதனின்று பெறப்படும் விதி ஒன்றுண்டு. கலவை எந்நேரமும் ஒரே அளவாகச் செறிந்தோ ஐதாகவோ இருப்பின் அது தவறு, ஊசியால் திருந்தும். கலவை தானே கூடியும் குறைந்தும் வருமாயின் அது பிறழ்வு, ஊசியால் திருந்தாது. தானே மாறாத ஊசி தானே மாறும் கலவைக்குக் காரணமாதல் எங்ஙனம்? ஊசியே அதிர்வினாற் கழன்று சுழலும் நிலை ஒன்றே இதற்கு விலக்கு. பிறழும் கலவையை ஊசியால் திருத்த முயல்வோன், காலையில் ஐதென்று திறந்து, மாலையிற் செறிவென்று மூடி, ஈற்றில் தொடங்கிய நிலை எதுவென்றே அறியாது மயங்குவான்.

காண்டலும் கருதலும் உரையும்

சைவசித்தாந்த நூலார் அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றளவையாக அடக்குவர். மலையிலே புகையைக் கண்டு ஆங்கே தீயுண்டெனக் கருதுதல் தருக்க நூலார் எடுத்துக்காட்டும் பழைய உதாரணம். நமது சிற்றெஞ்சினிலும் புகையே முதற் குறியாக நிற்றல் ஒரு பொருத்தமாகும்.

உரையளவையாவது, எஞ்சினை ஆக்கியோர் தந்த கையேடு. ஊசியை மெல்ல மூடி, பின் இத்துணைச் சுற்றுத் திறக்கவென அது கூறும். அது தொடக்கமேயன்றி முடிபன்று. ஆயினும் வழிதப்பியவன் மீண்டு வரத்தக்க இடம் அதுவே.

காண்டலாவது, புகையும் ஒலியும் வெப்பமும் பற்றியது. முழுவேகத்தில் மெல்லிய நீலவெண் புகைக்கோடு இடையறாது தோன்றவேண்டும். தலைப்பகுதியின் வெப்பம் பெரும்பாலும் 90 முதல் 120 பாகை செல்சியசுக்கு இடைப்பட்டிருக்கும். வெப்பமானி இல்லாதோர் தலைமேல் ஒருதுளி நீரை இடலாம். சில செக்கன்கள் நின்று கொதித்து வற்றினால் நன்று. இட்டவுடனே சீறிப் பறந்தால் மிகைச்சூடு. கொதியாது கிடந்தால் செறிவு. வெற்றோட்டத்தில் எரிபொருட் குழாயை விரலால் நெரித்தும் பார்க்கலாம். இரண்டு மூன்று செக்கன் சென்று, வேகம் சற்றே உயர்ந்து, பின் நின்றால் கீழ்வேக ஊசி செவ்விது. நெரித்தவுடன் நின்றால் ஐது. வேகம் மிக உயர்ந்து நெடுநேரங் கழித்து நின்றால் செறிவு.

கருதலிலேதான் பிழை நேரும். தலை மிகச் சூடானது; ஆதலாற் கலவை ஐது என்பது உறுதியான முடிபன்று. சக்கரத்தின் பேரிங் இறுகினும், தடை விலகாது உரசினும், கிளச்சு வழுக்கினும் தலை சூடேறும். வெவ்வேறு காரணங்களோடும் கூடிவருங் குறியை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாகத் தருக்க நூலார் விலக்கியது இதுபற்றியே. மின்கலத்தை எடுத்தவுடன் எஞ்சின் நின்றுவிடுதலும் அத்தகையது. அது கலவை செறிந்ததாலும் நேரும், பிளக் தளர்ந்ததாலும் நேரும். ஆகவே எரிகலவையை ஐயுறுமுன் சக்கரங்கள் தடையின்றிச் சுழலுகின்றனவா என்று நோக்குதலும், நல்லதென அறிந்த வேறொரு பிளக்கை இட்டுப் பார்த்தலும் முதற்கடன்.

உண்மைக் காரணத்தை அறிய இரு வழிகள் உள. காரணம் உள்ளவிடத்துக் காரியம் உண்டு என்பது அன்னுவயம். காரணம் இல்லாதவிடத்துக் காரியம் இல்லை என்பது வெதிரேகம். ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்ருவட் மில் 1843 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவையியல் நூலில் இவற்றையொத்த முறைகளோடு, ஒன்று மாற அதனோடு உடன்மாறுவதை நோக்கும் முறையையும் வகுத்தார். நம் ஆராய்ச்சிக்கு அம்முறையே திறவுகோல். “கலவை ஏன் பிறழ்கின்றது?” என்று வினவுவதிலும், “எது மாறும்போது கலவை பிறழ்கின்றது?” என்று வினவுதல் விரைவில் விடை தரும்.

பிறழ்வின் காரணங்கள்

தாங்கி நிரம்பியிருக்கும்போது நன்றாயோடி, பாதி குறைந்தபின் கலவை ஐதாகின்றதாயின், பிறழ்வு எரிபொருள் மட்டத்தோடு உடன்மாறுகின்றது. புகைபோக்கியிலிருந்து ஒரு சிறு குழாய் தாங்கிக்கு அமுக்கத்தைக் கொணருகின்றது. அக்குழாய் வெடித்தாலும், அதன் முனையைக் கரி அடைத்தாலும், தாங்கி மூடியின் இறப்பர் தேய்ந்தாலும் அமுக்கம் நில்லாது. மட்டம் உயர்ந்திருக்கும்வரை எரிபொருளின் பாரம் அக்குறையை மறைக்கும். மட்டந் தாழ்ந்தபின் குறை வெளிப்படும். தாங்கியைக் கழற்றி நீருள் அமிழ்த்தி, ஏனைய வாய்களை அடைத்து ஒரு வாயால் ஊதினால், குமிழி கசிவைக் காட்டும்.

வண்டி வளையும்போதும் குதிக்கும்போதும் மாத்திரம் எஞ்சின் இடறுமாயின், காரணம் தாங்கியினுள்ளே குழாய் இருக்கும் நிலையிலோ எரிபொருள் நுரைத்தலிலோ உளது. சில தாங்கிகளில் உட்குழாயின் நுனியில் ஒரு கனமான உலோகக் குண்டு கட்டப்பட்டிருக்கும். எரிபொருள் சாயும் பக்கம் அதுவும் சாய்ந்து உறிஞ்சுதல் வேண்டும். குழாய் விறைத்துப்போனால் குண்டு அசையாது. எரிபொருளுக்குப் பதிலாகக் காற்றே செல்லும். தாங்கி தளர்ந்து வண்டிச் சட்டத்தில் மோதினால் எரிபொருள் நுரைக்கும். ஒளிபுகும் குழாயில் ஓடும் குமிழிகளை நோக்கியே இவ்விரண்டையும் அறியலாம்.

குளிர்ந்த நிலையில் நன்றாயோடி, சூடேறியபின் வெற்றோட்டம் உயர்ந்து நில்லாது அலையுமாயின், பிறழ்வு வெப்பத்தோடு உடன்மாறுகின்றது. வேகவிசையை விட்டபின்னும் எஞ்சின் உடனே அடங்காது ஓலமிட்டு மெல்ல இறங்குதல் இதன் சிறப்புக் குறி. காபரேற்றரின் கழுத்தைச் சுற்றிய இறப்பர் வளையம், கிராங்குக் கூட்டின் பின்மூடி, முன் பேரிங் ஆகியவற்றுள் ஒன்றன்வழி, ஊசி அளக்காத காற்று உட்புகுகின்றது எனலாம். கூட்டினுள் அமுக்கம் குறைந்து கலவை இழுக்கப்படுகின்றது என முன்னர்க் கூறினோம். எங்கே பிளவுண்டோ அங்கேயும் அவ்விழுப்புச் செயற்படும். வெற்றோட்டத்திற் செல்லும் காற்று சிறிதாதலின், சிறு கசிவும் அப்பொழுது பெரும்பங்காகும். முழுவேகத்தில் அதே கசிவு புலப்படாது. இக்குறையை ஊசியால் மறைத்தோர் பலர்; நீக்கினோர் இலர். எஞ்சினைக் கழற்றிக் காற்றுவாயையும் புகைவாயையும் அடைத்து, எரிபொருட் குழாய்வழி மெல்ல ஊதி நீருள் அமிழ்த்துக. முன் பேரிங்கில் ஓரிரு குமிழி தோன்றுதல் இயல்பு. ஏனைய இடங்களில் ஒன்றும் தோன்றலாகாது. ஆராய்ந்தபின் ஈரத்தை நீக்கி எண்ணெயிடத் தவறினால் பேரிங் துருப்பிடிக்கும்.

எவற்றோடும் உடன்மாறாது, நினைத்தபோது தோன்றி நினைத்தபோது மறையுமாயின், அழுக்கை ஐயுறுக. வடியில் தங்கிய ஒரு நூலிழை, ஊசித்துளையில் அசையும் ஒரு மணற்றுகள், நெருக்கப்பட்ட குழாயின் உட்பிளவு என்பன அத்தகையன. மேல்வேக ஊசியைக் கழற்றி அவ்வழியைக் கழுவினாலே இவற்றுட் பல நீங்கும்.

ஒருநாள் நன்றாயிருந்து மறுநாள் கெடுமாயின், எரிபொருளையும் வானிலையையும் நோக்குக. மெதனோல் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும் இயல்பினது. மழைக்காலத்து யட்டவத்தைபோன்ற ஈரலிப்பான ஊரில், மூடி தளர்ந்த புட்டியில் வைத்த எரிபொருள் சில கிழமைகளிற் கெட்டுப்போகக்கூடும். அதன்பின் எஞ்சின் எத்திருகுக்கும் இணங்காது. புதிய புட்டியொன்றைத் திறந்து ஓட்டிப் பார்த்தல் வெதிரேக முறைப்படி செய்யுஞ் சோதனையாகும்.

மலைநாட்டுக் காற்று

இயந்திரத்திற் குறையொன்றுமின்றியே கலவை மாறும் நிலையும் உண்டு. மாத்தளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 364 மீற்றரிலும், நுவரெலியா 1,868 மீற்றரிலும் அமைந்துள்ளன. மாத்தளையிற் செவ்வையாக்கப்பட்ட எஞ்சினை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்றால், ஆங்குள்ள குளிரையும் கணக்கிட்ட பின்னரும், ஒவ்வோர் அடிப்பிலும் புகும் காற்று நிறையளவில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு குறையும். எரிபொருள் அவ்வளவு குறைவதில்லை. ஆகவே கலவை செறியும், வலுவுங் குன்றும். மலையேறும் காபரேற்றர் வண்டி கரும்புகை கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நுவரெலியாவில் நிகழும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குத் தாழ்நிலத்திலிருந்து செல்வோர் காபரேற்றரைத் திருத்துவதும் இதுபற்றியே.

இம்மாற்றத்தை ஊசியால் திருத்துதல் முறையே. எனினும் மலையில் மூடிய ஊசியைக் கீழிறங்கியபின் திறக்க மறந்தால், அடர்ந்த காற்றிலே கலவை ஐதாகி எஞ்சின் அழியும். திருத்திய அளவைக் குறித்துவைத்தல் இதனால் இன்றியமையாததாயிற்று.

யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்

எரிகலவையின் பிறழ்வு விளையாட்டாயன்றி வாழ்க்கையாகவே அமைந்த காலமும் நம் நாட்டில் இருந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பெற்றோல் செல்லுதல் தடைப்பட்டது. மண்ணெண்ணெய்தானும் அரிதாகி விலையேறியது. மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய கார்களையும் யாழ்ப்பாண மக்கள் அம்மண்ணெண்ணெயிலேயே ஓட்டினர். பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட எஞ்சினில் மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையிற் பற்றாது; அதன் பெரும்பகுதி ஏறக்குறைய 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். துளியாய் நிற்கும் எரிபொருள் எரிவதில்லை, ஆவியே எரியும். எனவே காபரேற்றர் வேண்டிய அளவு ஊற்றினும், எரியத்தக்க கலவை ஐதாகவே நிற்கும்.

இக்குறை வெப்பத்தோடு உடன்மாறுவதை அங்குள்ள திருத்துநர்களும் ஓட்டுநர்களும் கண்டனர். சில துளி பெற்றோலை இட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறினர். வீதியில் நின்று ஆறிய எஞ்சினுக்கு மீண்டும் சில துளி வேண்டியதாயிற்று. பெற்றோல் மருந்தைப்போல் சிறு புட்டிகளிற் பேணப்பட்டது. கிணற்றுநீர் இறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின்களைப் பெற்றோலிற் கிளப்பிப் பழகிய கமக்காரருக்கு இம்முறை புதியதன்று. பிளக்கிற் கரி படிந்தது, எஞ்சின் தட்டியது, தேய்வு மிகுந்தது. ஆயினும் நோயாளர் வைத்தியசாலை சேர்ந்தனர்; மாணவர் பரீட்சை மண்டபம் சேர்ந்தனர். எரிபொருளை மாற்ற வழியில்லாதவிடத்து, குறை எதனோடு உடன்மாறுகின்றது என்றறிந்து அதனைத் தம் வசப்படுத்தினமையே அவர்க்கு உதவியது.

ஊசியைத் திருத்தும் முறை

மேற்கூறிய காரணங்களெல்லாம் நீக்கப்பட்ட பின்னரே ஊசியைத் தொடுதல் தகும். முதலில் இரு ஊசிகளையும் கையேடு கூறிய நிலைக்கு மீட்டு, எஞ்சினைக் கிளப்பி முற்றச் சூடேற்றுக. பின் மேல்வேக ஊசியை, ஒருமுறைக்கு எட்டிலொரு சுற்றுக்கு மிகாமல், சிறிது சிறிதாக வலஞ்சுழியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் முழுவேகத்தில் ஓரிரு ஓட்டம் ஓட்டிப் பார்க்க. வேகம் உயர்ந்து, புகைக்கோடு அறாதிருக்கும் நிலை வந்ததும் நிறுத்துக. இன்னுஞ் சிறிது வேகம் வேண்டுமென்னும் ஆசையே எஞ்சினின் பகை. அதன்பின் குழாயை நெரிக்குஞ் சோதனையாற் கீழ்வேக ஊசியையும், ஈற்றிலே தடைத்திருகையும் செவ்வையாக்குக. ஒருநேரத்தில் ஒரு திருகே திருப்பப்படவேண்டும். இரண்டைத் திருப்பியவன் எதனால் விளைந்தது எதுவென்று கூறவல்லனல்லன்.

புதிய எஞ்சினாயின் முதற் சில தாங்கி எரிபொருளும் செறிகலவையிலேயே செலவாக வேண்டும். முசலமும் உருளையும் ஒன்றற்கொன்று பொருந்துங் காலம் அது.

காவல்

மெதனோல் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்கொண்டாலும் கண்பார்வை போகும், உயிரும் போகும். தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்த கள்ளச்சாராயத்திற் கலந்திருந்ததும் இதுவே. அதன் சுவாலை பகலொளியிற் கண்ணுக்குத் தோன்றாமையால், தீப்பற்றியதை அறியாது கைவைத்தோர் புண்படுவர். நைத்திரோமெதேன் வெடிபொருள் ஆக்கத்துக்கும் உதவுவதாதலின், பல நாடுகளில் அதன் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே இவ்வெரிபொருளைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைத்தலும், அடைத்த அறையில் எஞ்சினை ஓட்டுதலும், ஆசிரியரோ பெற்றோரோ அருகில்லாது சிறுவர் கையாளுதலும் முற்றாக விலக்கத்தக்கன. வெறுங்கையாற் தொட நேர்ந்தால் உடனே கழுவிவிடுதல் வேண்டும்.

இம்முறையில் அரியது யாதுமில்லை. மாறுவதையும் மாறாததையும் பிரித்தல், மாறுவது எதனோடு உடன்மாறுகின்றதென நோக்குதல், ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றிச் சோதித்தல், கண்டதைக் குறித்தல் என்னும் நான்குமே அது. வகுப்பறையில் அளவையியலாகவும் ஆய்வுகூடத்தில் விஞ்ஞானமாகவும் தனித்தனி கற்பிக்கப்படும் இவை, புல்வெட்டும் பொறியின் முன்னும் முச்சக்கர வண்டியின் முன்னும் ஒன்றாகி நிற்கின்றன. திருகாணியைக் கையிலெடுக்குமுன் ஒருகணம் நின்று வினவப் பழகிய மாணவன், அவ்வெஞ்சினை மாத்திரமன்றித் தன் உழைப்பையும் வீணாகாது காத்துக்கொள்வான்.